மிஞ்சிய ஸ்பிரிங்

“அவசரம் வேணாம். சரியாப் பூட்டினாப் போதும்,” என்றார் ஹயாத்து முகம்மது சேர்.

பொலிஸில் சார்ஜன்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மதுரங்குளியில் ஒரு காவல் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார். வங்கி வாகனத்துக்குக் காவல், ஒரே ஓர் இடம்.

நான்கு மேசைகள், நான்கு பேர். ஒவ்வொரு மேசையிலும் துடைத்து எண்ணெய் பூசிய ஒரு பிஸ்டல் அக்குவேறு ஆணிவேறாகக் கழன்று கிடந்தது.

முத்தலிபு யாரையும் சட்டை செய்யவில்லை. பள்ளிவாசல்துறையில் படகு எஞ்சின் பூட்டிப் பழகிய கை. இந்த வேலை கிடைத்தால்தான் நிக்காஹ் என்று பெண் வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் பயிற்சியில் சேர் காட்டியதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மளமளவென்று பூட்டி முதல் ஆளாக நிமிர்ந்தான்.

மேசையில் ஒரு சின்ன ஸ்பிரிங் மிஞ்சிக் கிடந்தது.

எங்கே விட்டோம் என்று பிஸ்டலைப் புரட்டிப் பார்த்தான்; இடம் தெரியவில்லை. ஆனால் இழுத்து விட்டுப் பார்த்தால் பிஸ்டல் நன்றாகத்தான் வேலை செய்தது. எஞ்சின் வேலையிலும் இப்படி ஒன்றிரண்டு மிஞ்சுவதும், முதலாளி கண்ணில் படாமல் பைக்குள் போடுவதும் வழமைதான். இதுவும் காற்சட்டைப் பைக்குள் போயிற்று.

பக்கத்து மேசையில் எத்தாளையிலிருந்து வந்த நஃபீஸா. என்ன கை அது! ஒவ்வொரு துண்டையும் தடவிப் பார்த்து அதனதன் இடத்தில் பதமாக இறக்கினாள். பூட்டி முடித்தவள் எல்லாவற்றையும் மறுபடி கழற்றினாள். திரும்பவும் பூட்டினாள். அதற்குள் மற்ற இருவரும் முடித்துவிட்டு, கையைப் பைக்குள் விட்டபடி நின்றார்கள். முத்தலிபு போட்டியை மறந்து வாயைப் பிளந்து பார்த்தான்.

கடைசியில் அவள் எழுந்து உள்ளங்கையை நீட்டினாள். அதில் ஒரு ஸ்பிரிங்.

“ரெண்டு தரம் கழட்டிப் பூட்டிட்டேன், சேர். இது மிஞ்சுது. எங்க போறதெண்டு எனக்குத் தெரியல்ல.”

மற்ற இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். முத்தலிபுவுக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு அழகாகப் பூட்டியவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே.

சேர் அவளுடைய பிஸ்டலை இழுத்து விட்டுப் பார்த்தார். ஸ்பிரிங்கை வாங்கிக்கொண்டு மற்ற மூவரிடமும் வந்தார்.

“நாலு மேசையிலயும் வேற துவக்குட ஸ்பிரிங் ஒண்டு கூடுதலா வெச்சிருந்தேன். இந்தப் புள்ள திருப்பித் தந்திட்டா. நீங்க மூணு பேரும் பொக்கட்டத் திருப்பிக் காட்டுங்க.”