ஃபைனுக்குத் தடை

“மனுஷன் சொன்ன பொய்கள்லயே பெரிய பொய் ‘ஐ ஆம் ஃபைன்’. இந்த வகுப்புல அதுக்குத் தடை. சொன்னா வெளியே நிக்கணும்!”

ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி ஆசிரியர் இதைப் பதவிப் பிரமாணம் எடுப்பவர் போலச் சொன்னார். மனசில் இருப்பதைச் சொல்லத் தெரியாதவனுக்கு மொழியே தெரியாது என்பது அவர் கொள்கை. அதற்காகவே மேசை மேல் மஞ்சள் முக அட்டைகளைப் பரப்பியிருந்தார். சிரிக்கும் முகம், முறைக்கும் முகம், அழும் முகம். மாணவர்கள் அவரை மூஞ்சி மாஸ்டர் என்பார்கள், அவர் இல்லாதபோது.

“வெல்டர் சார், வாங்க. ஒண்ணு எடுங்க.”

வெல்டர் செல்போனை பெஞ்சில் மனைவி பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். கைக்கு வந்தது அழும் முகம்.

“ஹவ் டு யூ ஃபீல்?”

“ஐ ஆம் ஃபைன்.”

வகுப்பு சிரித்தது.

“கையில அழுகை, வாயில ஃபைனா? உங்க கண்ணைப் பாருங்க, கோவைப்பழம் மாதிரி செவந்து கிடக்கு. அதுவும் ஃபைனா?”

“வெல்டிங் வெளிச்சம் சார்.”

“கறுப்புக் கண்ணாடி போடுங்கன்னா கேட்டாத்தானே சார்” என்றாள் பெஞ்சில் இருந்த மனைவி. “வீட்லயும் இதே ஃபைன்தான். எங்க பையன் வெளிநாட்டுல இருக்கான். என்கிட்ட பேசி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. மருமகதான் போன் பண்றா, அவளுக்கு நம்ம பேச்சு வராது. இவர் கப்பல் பட்டறையில கத்துக்கிட்ட இங்கிலீஷை வச்சு மொட்டை மாடிக்குப் போய்ப் பேசிட்டு வருவார். என்னங்க சொன்னான்னு கேட்டா, ஃபைன். அவ்வளவுதான்! அதான் நானே கத்துக்கலாம்னு இவரையும் இழுத்துக்கிட்டு இங்க வந்து சேர்ந்தேன்.”

“உங்களுக்கு என்னம்மா தெரியணும்?”

அவள் குரல் இறங்கியது. “லீவுக்கு வரலைன்னு திட்டிட்டேன் சார். இனிமே போனே பண்ணாதேன்னுட்டேன். அவன் கோபம் தீர்ந்துச்சா இல்லையான்னு தெரிஞ்சா போதும்.”

மாஸ்டர் முறைக்கும் முகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். ‘ஈஸ் ஹி ஆங்ரி வித் மீ?’ என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். பரீட்சைக்குப் போகும் பிள்ளை மாதிரி அவளும் முணுமுணுத்து உருப்போட்டாள்.

“போதும், வா. வீட்டுக்குப் போலாம்” என்றார் வெல்டர்.

“பாத்தீங்களா, ஓடப் பாக்கறார்! ஃபைன் சொல்றவங்க எல்லாம் கோழைங்க சார். உண்மையை முகத்துக்கு நேரா சொல்ல ஒரு துணிச்சல் வேணும்” என்றார் மாஸ்டர்.

செல்போன் அடித்தது. வெல்டர் பெஞ்சுகளைச் சுற்றி வருவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

“ஈஸ் ஹி ஆங்ரி வித் மீ?”

ஹலோகூட இல்லை. வகுப்பு கைதட்டியது.

 அந்தப் பக்கம் மடமடவென்று மருமகளின் பேச்சு. மாமியாருக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

“சார், இவர்கிட்ட கொடுத்தா மறுபடி ஃபைன்தான் வரும். நீங்க கேட்டுச் சொல்லுங்க.”

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக் காதில் வைத்தார். கேட்கக் கேட்க அவர் முகம், மேசையிலிருந்த எந்த அட்டையிலும் இல்லாத ஒன்றாக மாறியது. வெல்டர் அழும் முகத்தை மற்ற அட்டைகளுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை.

“என்ன சார் சொல்றா? இன்னும் கோபமாத்தான் இருக்கானா?”

‘அவனை அடக்கம் பண்ணி ஒரு மாதம் ஆகிறது. அவன் அப்பா இன்னுமா அம்மாவிடம் சொல்லவில்லை?’ என்று போன் ஆங்கிலத்தில் அழுதுகொண்டிருந்தது.

மாஸ்டர் அதை மெதுவாக அணைத்தார்.

“கோபமெல்லாம் இல்லம்மா” என்றார். “ஹி ஈஸ் ஃபைன்.”