முதுகுத் துணி

மருத்துவ முகாமின் கூடாரத்தைக் கழற்றுகிறார்கள், கம்புகள் செம்மண்ணில் விழுகின்றன. மாமரத்தடியில் பிரிவுப் பாட்டு, கைத்தட்டல். நாளை மலாவியை விட்டு விமானம் ஏறப்போகிற ஊழியக்குழுவுக்கு ஜெபம் இன்னும் தீரவில்லை. மருந்துப் பெட்டிகள்தான் லாரியில் ஏறிவிட்டன. விடியலிலிருந்து வரிசையில் நின்ற எஃப்ரிடாவின் முதுகில், துணிக்கட்டுக்கு வெளியே தொங்கும் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறாள் உள்ளூர் நர்ஸ் தமந்தானி. இந்த வெயிலிலும் அது சில்லிட்டிருக்கிறது. முடிச்சுக்குப் போன கையை எஃப்ரிடா பிடித்துக்கொள்கிறாள்.

"அவுக்காதீங்கக்கா. தெரிஞ்சா மினிபஸ்ல ஏத்தமாட்டான். தூங்குதுன்னு சொல்லித்தான் ஊர் போய்ச் சேரணும்."

தமந்தானி சரிந்த தலையை நேராக்கி, பாதத்தை உள்ளே தள்ளி, முடிச்சை இறுக்குகிறாள். பாட்டு முடிந்து வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, பிள்ளையின் தூக்கம் கலைந்துவிடாமல், துணி மடிப்பில் ஒரு மிட்டாயைச் செருகுகிறாள்.