மாட்டுக் கொட்டகைப் புதையல்

"அங்க இல்ல நித்தி, இங்க! இந்தச் செம்பனை மரத்துக்கிட்ட வா!"

முகுந்தன் கத்தியதை நித்தியா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மெட்டல் டிடெக்டரைத் தரைக்கு மேலே இப்படியும் அப்படியுமாக வீசியபடி நேரெதிர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

மலேசியாவில் கோல சிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயங்களை இடித்துவிட்டுச் செம்பனை நட்டிருந்த இடம். பழைய காசு தேடுவது நித்தியாவுக்குப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், மேனேஜரிடம் சொல்லிவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். மண்வெட்டி தூக்க அவளுடைய சிநேகிதன் முகுந்தன் கூடவே வருவான். இன்று அதிசயமாக அவளுடைய அப்பா கணேஸ்வரனும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியிருந்தார். அந்த லயத்திலேயே பிறந்து வளர்ந்தவர் அவர்.

மெஷின் கீச்சென்று கத்தியது.

"அப்பா, ஓடி வாங்க! இது காசுதான்! சத்தமே வேற லா!"

முகுந்தன் தோண்டினான். சார்டின் டின் மூடி ஒன்று வந்தது.

"காசுன்னியேம்மா?" என்று கணேஸ்வரன் சிரித்தார்.

"இருங்கப்பா, மறுபடியும் கத்துது!"

இந்த முறை ஒரு வளைந்த கரண்டி. மூன்றாவது பள்ளத்தில், மண் கட்டிக்குள்ளிருந்து சதுரமாக ஒன்று எட்டிப் பார்த்தது. நித்தியா வீலென்று அலறிக்கொண்டு குதித்தாள்.

"சதுர ஒரு காசு! வெள்ளைக்கார ராஜா தலை போட்டது! ஐயோ, வருஷம்கூட அழியல!"

கணேஸ்வரன் அதை வாங்கிச் சட்டையில் துடைக்கப் போனார்.

"தேய்க்காதீங்கப்பா! தேய்ச்சா பாதி விலை போயிடும். இப்படியே தண்ணியில ஊறப் போடணும். தலை தேயாம இருக்கு, விளிம்பு உடையல. காசு வாங்குறவங்க இதைப் பார்த்தா விடவே மாட்டாங்க."

"எவ்வளவு தருவான்?"

"உங்க மோட்டாருக்கு ஒரு தடவ எண்ணெய் போடலாம்!"

அப்பாவும் மகளும் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். முகுந்தன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கண் அந்தச் செம்பனை மரத்தடியிலேயே இருந்தது.

"நித்தி, சொன்னா கேளு. அந்த மரத்தடியிலதான் ஆளுங்கள வேலை வாங்குற மண்டோர் வீடு இருந்துச்சாம். பானை நிறைய காசு புதைச்சு வெச்சாராம்."

"மண்டோர் வீடா?" கணேஸ்வரன் கண்ணைச் சுருக்கினார். "அது மேட்டுப் பக்கம்ல இருந்துச்சு. இங்க மாட்டுக் கொட்டகைதான். மாடு எங்க தம்பி காசு சேர்த்து வைக்கும்?"

நித்தியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முகுந்தனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"எதுக்கும் ஒரு தடவ பாரேன் நித்தி, ப்ளீஸ்."

"பார்க்கலாம் லா. என்ன அவசரம்? முதல்ல இந்த வரிசைய முடிச்சிடுறேன்."

அந்த வரிசை முடிந்தது. அடுத்த வரிசையும் முடிந்தது. மரத்துக்கு இரண்டு அடி தூரம் வரைக்கும் வந்தவள், வண்ணத்துப்பூச்சி ஒன்றைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிவிட்டாள். முகுந்தன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"பாவம், பையன் எவ்வளவு நேரமா கெஞ்சுறான்! மெஷின இப்படிக் குடும்மா, நானே பார்க்குறேன்" என்று கணேஸ்வரன் அதை வாங்கிக்கொண்டு மரத்தை நோக்கி நடந்தார்.

முகுந்தன் பாய்ந்து ஓடி, அவருக்கு முன்னால் அந்த இடத்தில் காலை அகட்டிக்கொண்டு நின்றான்.

"வேணாம் அங்கிள்! பாம்பு இருக்கும்!"

"என் மக வந்தா மட்டும் பாம்பு இருக்காதா?"

"அது வந்து... அவதான் தோண்டணும் அங்கிள்."

"ஏன், நான் தோண்டினா காசு உள்ள போயிடுமா? நகரு தம்பி."

அவன் காலுக்கு நடுவில் மெஷினை நீட்டினார். அது தோட்டமே அதிரும்படி அலறியது. முகுந்தன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மண்வெட்டி இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு கணேஸ்வரனின் குரல்.

"அடிச்சேன் பார்த்தியா! நான்தான் சொன்னேன்ல, மாட்டுக் கொட்டகைன்னு!"

அவர் கையில் துருப்பிடித்த மாட்டு மணி ஒன்று தொங்கியது. அதை ஆட்டினார். 'டங்'கென்று ஒரு சத்தம் வந்து, நாக்கு கழன்று கீழே விழுந்தது.

முகுந்தன் மணியைப் பார்க்கவே இல்லை. மண்டியிட்டு, அந்தப் பள்ளத்துக்குள் இரண்டு கையாலும் மண்ணைத் துழாவினான். வெட்டிப் போட்ட மண்ணைப் பிடி பிடியாக அள்ளிச் சல்லடை போட்டான். இல்லை. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"இங்கதான்... இங்கதானே..." என்று முனகினான்.

"என்ன தம்பி தேடுற?"

அவன் மறுபடியும் பள்ளத்துக்குள் கையை விட்டான். அழுதுவிடுவான் போலிருந்தது. நித்தியாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நேத்து சாயங்காலம் நீ இங்க பள்ளம் தோண்டினத அப்பா மோட்டார்ல போறப்ப பார்த்துட்டு வந்து சொன்னார் லா. விடுவேனா நானு? அப்பவே வந்து தோண்டி எடுத்துட்டேன்!" என்றவள், ஜீன்ஸ் பையிலிருந்து ஒரு தங்க மோதிரத்தை எடுத்துத் தன் விரலில் மாட்டிக்கொண்டாள்.

"ராத்திரியே வீட்டுல எல்லாரும் போட்டுப் பார்த்தாச்சு" என்றார் கணேஸ்வரன், அவன் முட்டியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டபடி. "கொஞ்சம் லூசா இருக்கு, மத்தபடி எங்க எல்லாருக்கும் பிடிச்சிருக்கு மாப்பிள்ளை!"