பக்கத்து அறைப் படம்

"விட்டுடுங்க சார். திங்கக்கிழமை பார்த்துக்கலாம்," என்றார் பல் டாக்டரம்மா.

"திங்கக்கிழமையா? நடக்கற காரியமா டாக்டர் அது? இன்னிக்கே முடிச்சாகணும்," என்றார் கம்ப்யூட்டர்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு கம்பெனியின் அத்தனை கம்ப்யூட்டர்களையும் கட்டி மேய்ப்பவர் அவர். இங்கே இருப்பவை இரண்டே இரண்டு. ஆனால் அந்த இரண்டும் அவரைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தன.

எக்ஸ்ரே அறையில் இருப்பது அரதப் பழசான விண்டோஸ். டாக்டரம்மாவின் மேஜையில் இருப்பது, போன வாரம் தம்பி ஆசையாக வாங்கிக் கொடுத்த ஆப்பிள் மேக். அங்கே எடுத்த படம் இங்கே வந்து சேர வேண்டும். இரண்டுமோ பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகள் போல, பார்த்தும் பார்க்காமல் இருந்தன.

"அங்கயே போய்ப் படத்தைப் பார்த்துட முடியாதா டாக்டர்?"

"அந்த மானிட்டர் வெளுத்துப்போச்சு சார். எழுத்தே மங்கலாத்தான் தெரியுது. நரம்பு எங்க தெரியப்போகுது? இது கடைவாய்ப் பல்லு. வேர் நரம்பைத் தொட்டுக்கிட்டு இருந்து, அது தெரியாம பிடுங்கினா உதடு மரத்துப்போயிடும். படத்தைப் பார்க்காம நான் கை வைக்க மாட்டேன்."

"பென் டிரைவ்ல எடுத்துட்டு வந்தா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"பழசுல அதைச் செருகற இடம் உடைஞ்சு கிடக்கு. முதல்ல அதைத்தான் பார்த்தேன்," என்றார் கம்ப்யூட்டர்காரர் எரிச்சலுடன்.

வெளியே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னும் எவ்வளவு நேரம் டாக்டர்? ராத்திரி பூரா முனகல்தான். பொட்டுத் தூக்கம் இல்ல."

"வேணும்னா வலிக்கு மாத்திரை எழுதித் தரேன்மா."

"மாத்திரைக்கெல்லாம் கேட்காது," என்று குறுக்கே விழுந்தார் கம்ப்யூட்டர்காரர். அந்தப் பெண்ணை உட்காரும்படி கையைக் காட்டிவிட்டு எக்ஸ்ரே அறைக்கு விரைந்தார்.

இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருந்தன. பழசில் போல்டரைப் பகிரும் வசதியும் திறந்தே இருந்தது. வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வாலைத் தளர்த்திப் பார்த்தார். இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடையாய் நடந்தார். மேக்கில் பழசின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. அதைத் தட்டினால் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. எதைக் கொடுத்தாலும் உதட்டைப் பிதுக்கியது.

"பிடிவாதக்காரர்தான் நீங்க," என்றார் டாக்டரம்மா.

"அதை விடப் பிடிவாதமா இருந்தாத்தான் டாக்டர் இது வழிக்கு வரும்." நர்ஸைத் திரும்பிப் பார்த்தார். "சிஸ்டர், பழசோட பாஸ்வேர்டு என்ன?"

"அதுக்கு ஏது பாஸ்வேர்டு? அவசரத்துக்கு யார் வேணும்னாலும் திறக்கட்டும்னு வைக்கவே இல்லையே."

கம்ப்யூட்டர்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இதை முதல்லயே கேட்காம விட்டது என் தப்பு. பாஸ்வேர்டு இல்லைன்னா, முன்னாடி உட்கார்ந்து திறக்கறவங்களுக்குத்தான் அது திறக்கும். நெட்வொர்க் வழியா வந்தா யாரையும் உள்ள விடாது. பூட்டே இல்லாத வீட்டுக்கு நாம சாவியை மாத்தி மாத்திப் போட்டிருக்கோம்."

பழசுக்கு ஒரு பாஸ்வேர்டை வைத்தார். திரும்பி வந்து மேக்கில் அதையே அடித்தார். போல்டர் திறந்துகொண்டது. கடைவாய்ப் பல்லும் வேரும் திரை முழுக்க விரிந்தன.

டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கி உற்றுப் பார்த்தார். "நரம்பு நல்லாத் தள்ளியே இருக்கு. தாராளமா எடுத்துடலாம். சிஸ்டர், ஊசி மருந்தை எடுத்து வை."

நர்ஸுக்கு ஒரே சந்தோஷம். கம்ப்யூட்டர்காரரின் முகம் மட்டும் மலரவில்லை. இன்னும் ஏதோ சரிபார்க்க வேண்டியிருப்பது போல மறுபடியும் கீபோர்டைத் தட்ட ஆரம்பித்தார்.

வெளியே இருந்த பெண் வாசலில் வந்து நின்றாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகாதும்மா, தைரியமா வெளிய இருங்க," என்ற டாக்டரம்மா, கையுறையை மாட்டிக்கொண்டே கம்ப்யூட்டர்காரரிடம் திரும்பினார்.

"கீபோர்டை விடுங்க சார். உங்க வேலை முடிஞ்சுது. எழுந்து வந்து இந்த நாற்காலில படுங்க."