இன்னும் ஒன்று தாரும்

"இன்னும் ஒன்று எண்டால் என்ன, வடையோ?" என்று கேட்டான் சுலக்சன்.

பின்வரிசைப் பொடியள் சிரித்தார்கள்.

ஜெயந்தா சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. பாட்டுத் தாளைப் பிடித்தபடி கரம்பொன் கோயிலின் முன்வரிசை வாங்கில் இருந்தாள். கணவர் அரியநாயகம் மாசியில் இறந்த பிறகு அவள் பாட்டுக்குழுவுக்கு வந்தது இன்றுதான்.

வருகிற ஞாயிறு அந்தோனியார் பெருநாள். பெருநாளுக்குப் புதுப்பாட்டு எப்போதும் ஜெயந்தாவிடமிருந்துதான் வரும். தனக்கு நடக்காத ஒன்றுக்கு அவள் நன்றி எழுதுவதில்லை. கிணறு உவராகாமல் தப்பிய வருடம் அதைப் பாடினாள். புயலில் கூரை போகாமல் நின்றதற்கு ஒரு பாட்டு.

அவளுக்குச் சுரம் எழுதத் தெரியாது. பாடி, ஃபோனில் பதிந்து அனுப்புவாள். கீபோட் வாசிக்கும் நிரோஜன் அதைக் கேட்டுக் கேட்டு இசை சேர்ப்பான்.

இந்த முறையும் அப்படித்தான் வந்தது. ஆனால் பாட்டு ஒரு மாதிரி.

"இன்னும் ஒன்று தாரும் ஐயா" என்று ஒரு வரி. பிறகு ஒன்றுமில்லை. பிறகு, "தந்தீர், நன்றி." இப்படியே கேட்பதும் நிற்பதும் நன்றி சொல்வதுமாகப் போகிறது. போகப்போக அந்த இடைவெளி நீளுகிறது. எந்தத் தாளத்துக்குள்ளும் அடங்கவில்லை.

நிரோஜன் அந்த இடங்களையெல்லாம் புல்லாங்குழல் ஒலியால் நிரப்பியிருந்தான்.

"அதை எடுத்துவிடும் தம்பி."

"சும்மா விட்டால், கரண்ட் போயிட்டுது எண்டு சனம் நினைக்கும் அக்கா."

"நினைக்கட்டும்."

தனிக்குரல் பாடும் துஷாந்தினிக்கு வேறொரு குறை. "அக்கா, முடிவைப் பாருங்கோ. 'தாரும் ஐயா' எண்டு கேட்டதோடை பாட்டு நிக்குது. பெருநாள் பூசையிலை கேட்டுப்போட்டுச் சும்மா நிக்கிறதே? ஒரு நன்றியைப் போட்டு முடிப்பம்."

"ஏலாது."

"ஒரு வரிதானே அக்கா."

"ஏலாது பிள்ளை. உந்த வரியைப் போட்டுத்தான் பாடுறதெண்டால் என்ரை பாட்டு வேண்டாம். பழசு ஒண்டைப் பாடுங்கோ."

தாளை நாலாக மடித்துக்கொண்டு எழும்பிவிட்டாள்.

"கெதியா முடியுங்கோ, வேலணைப் பஸ் போயிடும்" என்றான் சுலக்சன். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

"பொறுங்கோ அக்கா" என்றான் நிரோஜன். "எந்த இடத்திலை எவ்வளவு நேரம் நிக்கிறியள் எண்டு உங்கடை பதிவிலையே ஒருக்காப் பாக்கிறன்."

அவன் இதுவரை வைத்துப் பழகியது சத்தம் நீக்கிய பிரதி. முதற் பதிவில் அவள் குரலுக்குப் பின்னால் யாரோ வாளால் பலகை அரிவதுபோல ஓர் இரைச்சல் இருந்தது. பக்கத்து வீட்டில் தச்சுவேலை என்று நினைத்து அந்த இரைச்சலை மட்டும் அழித்துவிட்டு, "வேறை ஒரு நாள் திருப்பிப் பாடி அனுப்புங்கோ அக்கா" என்று செய்தியும் போட்டிருந்தான். பதில் வரவில்லை.

முதற் பதிவைத் தேடி எடுத்து, இயர்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டான்.

மின்விசிறிச் சத்தம். அடங்கிய குரலில், "இன்னும் ஒன்று தாரும் ஐயா." பிறகு அந்த அரிகிற சத்தம், ஒரே ஒரு தரம். உடனே, "தந்தீர், நன்றி."

பாடினாள். காத்திருந்தாள். அரிந்தது. நன்றி சொன்னாள்.

இரண்டாம் சரணத்தில் நிரோஜனின் கை கீபோட்டிலிருந்து இறங்கியது. அரியநாயகம் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்து வாசித்துப் பழகியவன் அவன். போன பெருநாளில், நெஞ்சு வருத்தத்தோடு, வரிக்கு வரி மூச்சை இழுத்து இழுத்து அவர் பாடியதும் அவன் காதோரத்தில்தான்.

அது பலகை இல்லை.

கடைசி வரி. "இன்னும் ஒன்று தாரும் ஐயா."

மின்விசிறி சுற்றியது. எங்கோ ஒரு காகம் கத்தியது. மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகும் பதிவு நெடுநேரம் ஓடியது. அவள் நிறுத்தியிருக்கவில்லை. அவனும் நிறுத்தவில்லை. ஒன்று வருமென்று அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றியபோது, பொறுத்துப் பார்த்துவிட்டு ஜெயந்தா வாசலை எட்டியிருந்தாள்.

"அக்கா, வாங்கோ. நீங்கள் தந்த மாதிரியே பாடுவம்."

"என்னடாப்பா திடீரெண்டு?" என்றான் சுலக்சன்.

நிரோஜன் புல்லாங்குழல் ஒலியை எடுத்துவிட்டுச் சுருதியை மட்டும் வைத்தான். ஜெயந்தா திரும்பி வந்து, பெண்களின் வரிசையில் ஓரமாக நின்றாள்.

பாடினார்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லோரும் சேர்ந்து மூச்சை இழுத்து, சேர்ந்து நன்றி சொன்னார்கள். பாட்டு நன்றாகத்தான் வந்தது.

கடைசியில், "தாரும் ஐயா."

பாட்டு அவ்வளவுதான். ஆனால் அதுவரை பாடிய பழக்கத்தில், இல்லாத அடுத்த வரிக்காக எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்துவிட்டார்கள். வெறுங்கோயிலில் அது பெரிதாகக் கேட்டது.

ஜெயந்தா சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"தந்தீர்" என்று தொடங்கியவள், மூச்சை இழுத்தது யாரென்று பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.