மாதிரி வகுப்பு

விரிவுரையாளர் வேலைக்கான மாதிரி வகுப்பு. மரியசெல்வி ஒரு மாதமாகத் தயாரித்திருந்த நிகழ்தகவுப் பாடம், முதல் பெஞ்சு வெண்ணிலாவுக்கு அப்படியே பிடிபட்டுவிட்டது.

அடுத்துப் பாடம் நடத்த வருகிற விண்ணப்பதாரருக்கும் ஒன்றும் தெரியாத வகுப்பு வேண்டுமே. உதவியாளர் மாணவர்களின் தலையில் வரிசையாக, கேட்ட பாடத்தை அழித்துவிடும் மறதித் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தார்.

வெண்ணிலா மரியசெல்வியின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்னு சொல்லுங்க மிஸ். இப்பத்தான் புரிஞ்சுது."

தேர்வுக்குழு பார்த்துக்கொண்டிருந்தது. வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் மரியசெல்வி வாயைத் திறக்கவில்லை. தொப்பி வெண்ணிலாவின் தலையிலும் ஏறியது.

வேலை கிடைத்தது. முதல் நாள் வகுப்பிலும் அதே பெஞ்சில் வெண்ணிலா உட்கார்ந்திருந்தாள். அதே பாடத்தை நடத்திவிட்டு, புரிந்ததா என்று கேட்டாள் மரியசெல்வி.

"கேக்கும்போது புரியுது மிஸ். நீங்க போர்டு பக்கம் திரும்புனதும் போயிடுது."

சாக்பீஸ் கையில் இருந்தது. மரியசெல்விக்கு போர்டு பக்கம் திரும்பப் பயமாக இருந்தது.