ரேஸ் வரிசை

பழைய வீடியோ கேம் விற்கும் ஒரு கடையில், செங்கார் என்ற கேசட்டும் நீலப்படகு என்ற கேசட்டும் ரேஸ் வரிசையில் பல வருஷமாக ஒட்டி உட்கார்ந்திருந்தன.

ஒரு நாள் பேச்சுவாக்கில் படகு, "என் கேம் மூணு லட்சம் வித்துச்சு. உன்னது எவ்வளவு?" என்று கேட்டுவிட்டது. செங்கார் விற்றது நாற்பதாயிரம்தான். அதற்குச் சுருக்கென்றது.

"வித்தா ஆச்சா? உனக்குச் சக்கரம் இருக்கா, ரோடு இருக்கா? தண்ணியில துள்ளுறதெல்லாம் ரேஸா?"

"முதல்ல வர்றவன்தானே இதுலயும் ஜெயிக்கிறான்? அதுக்கு வேற என்ன பேரு?"

செங்கார் விடவில்லை. வாரக்கணக்கில் குத்திக்காட்டியது. கடை பூட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, படகு நகர்ந்து நகர்ந்து கீழ்த்தட்டுக்குப் போய், புதிர் விளையாட்டுகளோடு உட்கார்ந்துகொண்டது.

செங்காருக்கு இரண்டு நாள் பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் பக்கத்து இடம் காலியாகத் தெரிந்தது. திரும்பக் கூப்பிடலாம் என்று நினைத்தது, ரோஷம் விடவில்லை.

அந்த வாரமே ஒரு அம்மா வந்து கடையிலிருந்த கடைசி கன்சோலை வாங்கினார். கேசட்டுகளைப் போட்டு விளையாட இனி அங்கே வேறு கன்சோல் இல்லை.

"ரேஸ் கேம் எல்லாத்தையும் இதோட போட்டுடுங்க," என்றார் அவர். கடைக்காரர் மேல்தட்டிலிருந்த ரேஸ் வரிசையை அப்படியே வாரிப் பையில் போட்டார்.

"படகையும் எடுங்க! அதுவும் ரேஸ்தான்!" என்று செங்கார் கத்தியது. கேசட்டின் குரல் மனுஷர் காதில் விழாது.

படகின் காதில் விழுந்தது. "சரி, போயிட்டு வா," என்றது.

"வர்றேன்" என்று சொல்லச் செங்காருக்கு வாய் வரவில்லை.